வேடன் குரலும் பறவையின் செவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. மனிதன் பறவையைப் போலக் குரல் எழுப்பினால், பறவை அதனை உண்மைக் குரல் என்று நம்புமா? நம்புமாயின், அக்குரல் எவ்வளவு ஒத்திருக்க வேண்டும்? கேட்ட அளவில் இது வேடர்க்குரிய வினாவாகத் தோன்றும். ஆராயப் புகுந்தாலோ, இது நம் செவியைப் பற்றிய வினாவும் நம் பொறுப்பைப் பற்றிய வினாவும் ஆகிவிடுகிறது.

முதலில் நம் வீட்டுத் தோப்பிலிருந்தே தொடங்குவோம். பாறசாலை முதல் நெய்யாற்றங்கரை வரையுள்ள எல்லைப்புறச் சிற்றூர்களில் தென்னையும் பலாவும் மாவும் நிழல் தரும் வீடுகள் பல. பங்குனி பிறந்ததும் அம்மரங்களில் குயில் கூவத் தொடங்கும். உடனே நம் சிறுவர்களும் கூவத் தொடங்குவார்கள். சிறுவன் ஒரு முறை கூவினால் குயில் ஒரு முறை மறுமொழி தரும். அவன் மீண்டும் கூவினால், குயில் முன்னினும் உயர்ந்த சுருதியில், முன்னினும் விரைந்து கூவும். இறுதியில் சிறுவனுக்குத் தொண்டை வற்றும், குயில் வென்றுவிடும்.

இச்சிறுவன் குரல் குயிலின் குரலை அப்படியே ஒத்ததா? இல்லை. வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டிக்குக் கூட அது பேரன் குரல் என்று தெரியும். குயிலுக்குத் தெரியாதா? இங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. கூவுவது கரிய ஆண் குயில். புள்ளி படைத்த பெண் குயிலின் குரல் வேறு. இனம் பெருக்கும் காலத்தில், தான் கூவும் இடத்தில் மற்றோர் ஆண் கூவுவதை அது பொறுக்காது. அந்நேரத்தில் குரலின் நயத்தைச் சீர்தூக்கிப் பார்க்க அதற்குப் பொழுதில்லை. குரல் தாழ்விலிருந்து உயர்கிறதா, உரிய இடைவெளியில் வருகிறதா என்ற இரண்டே போதும். மற்றதை அதன் உள்ளத்துக் கொதிப்பே நிரப்பிக்கொள்கிறது.

இவ்வினாவை ஒரு பெருங்கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்க நாட்டு வான்கோழி வேடர்கள். நம் ஊர்ப் பண்ணைகளில் வளரும் வான்கோழியின் தாயகம் அமெரிக்கா. ஜஹாங்கீர் பேரரசருக்கு 1612இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி வந்து சேர்ந்தது. அதன் புதுமையைக் கண்டு வியந்த அரசர், அதனை ஓவியமாகத் தீட்டச் செய்தார். மயிலைக் கண்டு தானும் ஆட முயன்ற வான்கோழியை மூதுரை வழியே நாம் இளமையிலேயே அறிவோம். பிறரைப் போலச் செய்து நகைப்புக்கு ஆளான பறவை என்று நாம் பழித்த அதனையே, பிறர் அதன் குரலைப் போலச் செய்து ஏமாற்றுவது உலகியலின் விந்தை!

அந்நாட்டுப் பழங்குடியினர் வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி, அதனை உறிஞ்சிப் பெடையின் குரலை எழுப்பினர். பின்னர் மரப்பெட்டிக் கருவி வந்தது. மெல்லிய பலகையாலான சிறு பெட்டியின் விளிம்பில், சுண்ணக்கட்டி பூசிய மூடியை உரசினால் பெடை கூவுவது போன்ற ஒலி எழும். ஆர்க்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த கிப்சன் என்பவர் 1897இல் இத்தகைய பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். கற்பலகையில் குச்சியை உரசி ஒலி எழுப்புவோரும் உண்டு. மெல்லிய ரப்பர்த் தகட்டை மேல்வாயில் பொருத்திக் காற்றை ஊதி ஒலிப்போரும் உண்டு. நம் ஊர்த் தோட்டங்களில் வடியும் ரப்பர்ப் பால் போன்றதே கடல் கடந்த காட்டில் கோழிக் குரலாகிறது!

இவற்றுள் எது மிக ஒத்த குரல்? வேடர்களிடையே இதற்குப் போட்டிகளே நடக்கின்றன. ஆயினும் பட்டறிவு மிக்க வேடர்கள் ஓர் உண்மையைச் சொல்வர். காட்டில் வாழும் உண்மைப் பெடைகள் பலவற்றின் குரல் கரகரப்பானது, தாளம் தப்புவது. போட்டி மேடையில் அவை கூவினால் பரிசு பெறா. இனிமை மிக்க குரலைவிட, அளவறிந்து கூவி, அளவறிந்து அடங்கும் குரலே சேவலை ஈர்க்கிறது. ஓயாது கூவும் குரலை முதிர்ந்த சேவல் ஐயுறுகிறது.

அந்த ஐயத்திற்குக் காரணமும் உண்டு. இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் நின்று கூவும். பெடைதான் அதனை நாடிச் செல்லும். வேடனோ பெடையின் குரலில் சேவலை வரச் சொல்கிறான். உலக நடை தலைகீழாகிறது. ஆதலின் முதிர்ந்த சேவல் பாதி வழி வந்து நின்றுவிடும். குரல் வந்த திசையில் பெடையின் உருவம் தென்படுகிறதா என்று பார்க்கும். தென்படாவிட்டால் திரும்பிவிடும். குரலில் குற்றம் இல்லை. நடைமுறையில் குற்றம் கண்டது அப்பறவை.

இதற்கு நேர்மாறான செய்தி ஒன்றும் உண்டு. வைகறையில் ஆந்தை அலறினாலும், இடி முழங்கினாலும், வண்டியின் கதவை அறைந்து சாத்தினாலும் வான்கோழிச் சேவல் தன்னை மறந்து குரல் கொடுத்துவிடும். முகில் முழங்க மயில் அகவுவதைக் கண்ட நமக்கு இது புதிதன்று. தன் இனத்தின் குரலே அல்லாத ஒலிக்கு மறுமொழி தரும் அதே பறவை, தன் இனத்தின் குரலை முற்றும் ஒத்த ஒலியை ஐயுறுகிறது. ஒப்புமை ஒன்றையே கொண்டு இதனை விளக்க முடியாது அன்றோ?

விளக்கத்திற்கு ஓர் ஆராய்ச்சி துணை செய்கிறது. ஷ்லைட் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவர்களும் வான்கோழித் தாயைப் பற்றி 1960இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். செவிப்புலன் இழந்த தாய்க்கோழிகள் முட்டையை முறைப்படி அடைகாத்தன. குஞ்சுகள் வெளிவந்ததும், அவற்றைத் தாமே கொத்திக் கொன்றன. தன் குஞ்சைத் தாய் அறிவது கண்ணால் அன்று. அதன் கீச்சுக் குரலால். அக்குரல் கேளாத தாய்க்கு, கூட்டில் அசையும் குஞ்சும் பகையே. மற்றொரு சோதனையில், கோழிக்குப் பகையான கீரி போன்ற ஒரு விலங்கின் பாடம் செய்த உருவத்துள் குஞ்சின் குரலை ஒலிக்கச் செய்தனர். செவியுள்ள தாய் அப்பகை உருவத்தையும் தன் சிறகின்கீழ் ஏற்றுக்கொண்டது.

கேட்கும்போதே நெஞ்சு நடுங்குகிறது. குரல் இருந்தால் பகையும் பிள்ளை. குரல் இல்லையேல் பிள்ளையும் பகை. இதனைப் பறவையின் அறியாமை என்று நகைத்தல் தகாது. புதரின் இருளில், பகை சூழ்ந்த காட்டில், தாயையும் பிள்ளையையும் பிணைக்கும் நூல் குரல் ஒன்றே. அந்த நூலைப் பற்றி இழுப்பவன் வேடன். அவன் பறவையின் மடமையைப் பயன்கொள்ளவில்லை. அதன் அன்பையும் வீரத்தையும் பயன்கொள்கிறான்.

நம் நாட்டு வேட்டைக்கு வருவோம். ஒரு விலங்கைக் காட்டி மற்றொரு விலங்கைப் பிடிக்கும் முறையைச் சங்கச் சான்றோர் அறிந்திருந்தனர். பழக்கி வைத்த அவ்விலங்கிற்குப் ‘பார்வை’ என்பது பெயர். வேடர் குடியிருப்பில் பார்வை மான் கட்டப்பட்டிருந்த செய்தியைப் பெரும்பாணாற்றுப்படையில் காணலாம். பறவை வேட்டையில் பார்வைக்குக் குரலே படைக்கலம். திருநெல்வேலிச் சீமையின் வறண்ட தரிசுகளில் வாழும் கவுதாரியை எண்ணுங்கள். புதுச்சேரியின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கிய பறவை அது. பழக்கிய ஆண் கவுதாரியைக் கூண்டோடு வைத்துச் சுற்றிலும் கண்ணி பரப்புவர். கூண்டுப் பறவை கூவும். ‘என் நிலத்தில் எவன் நுழைந்தான்?’ என்று காட்டுக் கவுதாரி போருக்கு வரும். கண்ணியில் கால் சிக்கும். இங்கே குரலில் பொய் இல்லை. கூவியது உண்மைக் கவுதாரியே. பொய் முழுவதும் கண்ணியில் இருந்தது.

கூண்டும் இன்றி வாயாலேயே கவுதாரியையும் காடையையும் அழைக்க வல்லவர் நரிக்குறவர். அவர்தம் திறன் வியப்பிற்குரியது. அவர்தம் வறுமை வருத்தத்திற்குரியது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தபின் அவர்தம் பழந்தொழில் குற்றமாயிற்று. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதோ 2022 டிசம்பரில். தொழிலை விலக்கிய விரைவில் வாழ்வுக்கு வழி காட்டவில்லை என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

இனி, பறவையின் செவி எவ்வளவு நுண்ணியது என்பதையும் அறிதல் வேண்டும். கனடா நாட்டில் வீடன், ஃபால்ஸ் என்னும் இருவர் ஓவன்பேர்டு என்ற சிறு பறவையிடம் சோதனை செய்து 1959இல் முடிவை வெளியிட்டனர். அண்டை நிலத்துப் பறவையின் பாட்டைப் பதிவு செய்து ஒலித்தபோது, ஆண் பறவை மிகுதியாகச் சினக்கவில்லை. தொலைவிலுள்ள அயற்பறவையின் பாட்டை ஒலித்தபோதோ, பெருஞ்சினம் கொண்டது. ஒரே இனம், ஒரே பாட்டு, ஆயினும் பாடுவது அண்டை வீட்டானா, அயலானா என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

இது நமக்கு விளங்காத செய்தியா? நம் குடியிருப்பில் ஒருவர் வாய் திறந்து இரண்டு சொற்கள் பேசினால் போதும்; அவர் கல்குளத்தாரா, விளவங்கோட்டாரா, நெல்லைக்காரரா என்று நம் தாய்மார்கள் சொல்லிவிடுவார்கள். ஊரை விட்டு வந்தவர் செவி, ஊர்ப்பேச்சுக்கு ஏங்கும் செவி. அந்த ஏக்கத்தை அறிந்தே, நம் ஊர்ச் சொல்லில் உறவு கொண்டாடி, நம் சேமிப்பைக் கவர வருவோரும் உண்டு. குரல் ஒத்திருந்தால் மட்டும் போதாது. பாதி வழியில் நின்று பார்க்கும் முதிர்ந்த சேவலின் அறிவு நமக்கும் வேண்டும்.

செவி தன் தேவையையே கேட்கிறது என்பதற்கு நம் எல்லைப்புறமே சான்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது, கல்குளமும் விளவங்கோடும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் ஒரு மாநிலம், அப்பால் ஒரு மாநிலம். குயிலினங்களுக்கு அக்கோடு தெரியாது. விஷுவை ஒட்டி நான்கு அசையில் கூவும் குயில் ஒன்றின் குரலை, மலையாளச் செவி ‘வித்தும் கைக்கோட்டும்’ என்று கேட்கிறது. விதையையும் மண்வெட்டியையும் எடு என்று பறவை சொல்வதாக உழவன் கொள்கிறான். பலாப்பழக் காலத்தில் ‘சக்கைக்கு உப்புண்டோ’ என்று கேட்போரும் உண்டு. மற்றொரு குயிலின் குரலில் தமிழ்ச்செவி ‘அக்கா, அக்கா’ என்ற விளியைக் கேட்டு, அதற்கு அக்காக்குயில் என்றே பெயரிட்டது. பறவை சொன்னது எதுவோ! உழவன் உழவைக் கேட்டான். உடன்பிறப்பை எண்ணியவள் உடன்பிறப்பைக் கேட்டாள். வேடன் குரலில் பறவை துணையைக் கேட்பதும் இவ்வாறே. ஒப்புமையில் பாதி அழைப்பவன் தொண்டையில். மறுபாதி கேட்பவர் நெஞ்சில்.

போலிக் குரல் எல்லாம் தீமைக்கே என்று எண்ணிவிடுதலும் கூடாது. மேற்கு மலைக் காடுகளில் துடுப்புவால் கரிச்சான் என்னும் பறவை உண்டு. மலையாளத்தில் அதற்குக் காடுமுழக்கி என்ற அழகிய பெயர். பிற பறவைகளின் குரலை எல்லாம் எழுப்பிக் காட்டையே முழக்கும் அதற்குப் பொருத்தமான பெயர்தான். இலங்கையின் சிங்கராஜக் காட்டில் இதனை ஆராய்ந்த குடேல், கொட்டகம என்னும் அறிஞர்கள் 2006இல் ஒரு முடிவை வெளியிட்டனர். கரிச்சான் பிற பறவைகளின் குரலை எழுப்பும்போது, அப்பறவைகள் அதனை நாடி வந்து கூடுகின்றன. பல இனப் பறவைகள் திரளாகச் சென்று இரை தேடும்போது, இலையிடையிருந்து கலைந்தெழும் பூச்சிகள் கரிச்சானுக்குக் கிடைக்கின்றன. பருந்து வந்தால் எச்சரிக்கும் காவலன் மற்றவற்றுக்குக் கிடைக்கிறான். போலிக் குரலால் கூட்டமும் சேரும். அக்கூட்டத்தால் இரு சாராரும் வாழவும் கூடும்.

அன்பர்களே! இப்பொருளை இன்று எடுத்துக்கொண்டதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். முன்னாளில் ஒரு பறவையின் குரலைக் கற்க ஆண்டுகள் பல ஆகும். கற்பவன் பறவையின் உணவையும் கூட்டையும் பருவத்தையும் கற்றே தீர வேண்டும். அவ்வறிவு அவன் கைக்கு ஓர் அளவையும் கற்பித்தது. இன்றோ எந்தப் பறவையின் குரலும் கைபேசியில் கிடைக்கிறது. அது பறவையே பாடிய குரல். அதைவிட ஒத்த குரல் வேறில்லை. ஒன்றும் கல்லாதவனும் ஒரு பொத்தானைத் தொட்டுக் காட்டுக்கோழியையும் கானாங்கோழியையும் கலங்க வைக்கலாம். படம் பிடிப்பதற்காகத் திரும்பத் திரும்ப அக்குரலை ஒலிப்போரும் உளர். கூடு காக்க வேண்டிய பறவை, இல்லாத பகைவனைத் தேடி அலைகிறது. இரை தேடும் பொழுது வீணாகிறது. கூடு காவலின்றிக் கிடக்கிறது. கொல்லாமலே செய்யும் தீங்கு இது.

கண்ணி வைப்போர்க்கு ஒரு சொல். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டும் அன்று. பிடித்தலும், கண்ணி வைத்தலும், இரை காட்டி ஈர்த்தலும், அவற்றிற்கு முயலுதலும் வேட்டையே. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் சட்டம் ஒன்றே. மழை தொடங்கியதும் வயலோரத்தில் இரவும் பகலும் கத்தும் கானாங்கோழியைப் பிடிப்பது விளையாட்டு என்று எண்ணும் இளைஞர்க்கு, வீட்டுப் பெரியோர் இதனை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆயின் செவிக்கலையையே கைவிட வேண்டுமா? வேண்டா. கண்ணியை எறிந்துவிட்டுச் செவியை வைத்துக்கொள்வோம். சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் பறவைகளை ஆராய்ந்தார். அவர் நூல் 1953இல் வெளிவந்தது. ‘இந்துசூடன்’ என்ற பெயரில் எழுதிய நீலகண்டன் 1958இல் கேரளப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் நூல் தந்தார். நெய்யாற்றின் மேற்புறத்து மலைக்காடு காட்டுயிர்ப் புகலிடம் ஆனதும் அதே 1958இல்தான். 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதும் தன்னார்வலர்கள் ஊர் ஊராகச் சென்று பறவைகளைக் கணக்கெடுத்து, மாநிலத்திற்கே ஒரு பறவை வரைபடம் அமைத்தனர். இலைமறைவில் இருக்கும் பறவையைக் கணக்கில் சேர்ப்பது செவியே. வேடன் செவிக்கு இன்று இதைவிடச் சிறந்த வேலை இல்லை.

நம் குடியிருப்புப் பிள்ளைகள் இதனைச் செய்யலாம். விடியலில் அரை மணி நேரம் வாசலில் நின்று, கேட்ட குரல்களை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். பறவையின் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதட்டும். தமிழ்ப் பெயர் தெரியாவிட்டால் பாட்டியைக் கேட்கட்டும். மலையாளப் பெயர் தெரியாவிட்டால் அண்டை வீட்டு அம்மச்சியைக் கேட்கட்டும். தாய்மொழி வளர்வதற்கும் அண்டை உறவு வளர்வதற்கும் இதனினும் எளிய வழி உண்டோ?

முடிக்குமுன் இரண்டு சங்கக் காட்சிகளை உங்கள் முன் வைக்கிறோம். குறுந்தொகையின் 291ஆம் பாட்டில் கபிலர் ஒரு தினைப்புனத்தைக் காட்டுகிறார். கிளியை ஓட்டக் குறமகள் குளிர் என்னும் கருவியை ஒலிக்கிறாள். அதன் இனிய ஒலியை அவள் தம்மை அழைக்கும் குரல் என்று எண்ணிக் கிளிகள் எழாமல் இருந்துவிடுகின்றன. ஓட்ட எழுப்பிய ஒலி அழைப்பாயிற்று! ஒலிக்குப் பொருள் தருவது கேட்பவர் செவியே என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மற்றொன்று புறநானூற்றின் 320ஆம் பாட்டு. பாடியவர் வீரை வெளியனார். பந்தர் வேண்டாத அளவுக்குக் கொடிகள் படர்ந்த முற்றம். வேடன் களைத்து உறங்குகிறான். அவன் கட்டிவைத்த பார்வைப் பெண்மானிடம் காட்டுக் கலைமான் ஒன்று வந்து மகிழ்ந்து விளையாடுகிறது. வேட்டை தானே வீடு தேடி வந்துவிட்டது. வேடன் மனைவி அதனைக் காண்கிறாள். ஓசை எழுந்தால் கணவன் விழித்துக்கொள்வான் என அஞ்சுகிறாள். கலைமான் தன் இணையை விட்டு ஓடிவிடும் என்றும் அஞ்சுகிறாள். ஆதலின் அடியெடுத்து வைக்காமல் நின்றுவிடுகிறாள். மான்தோலில் காயும் தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்கின்றன. அவள் அவற்றையும் ஓட்டவில்லை.

வேடர் குடியில், அடுத்த வேளை உணவுக்கு வேட்டையையே நம்பியிருந்த வீட்டில், ஒரு பெண் காத்த அமைதி அது. எத்தனையோ வகைக் குரல்களால் பறவையை அழைக்க மனிதன் கற்றான். அழைக்காமல், ஓட்டாமல், வாயடக்கி நின்று வாழவிடவும் தமிழ் மனையாள் ஒருத்தி அறிந்திருந்தாள். கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அவ்வமைதியில் ஒரு நாழிகை நின்று பார்ப்போம். பறவைகள் தாமாகவே பேசும். அப்பேச்சைக் கேட்கும் செவி நம் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறோம்.